அண்ணனுக்குக் கேட்கிற ஊசி அப்பாவுக்கும் கேட்குமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். என் அண்ணனுக்கு 36 வயது, கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எடை 104 கிலோ, சுகர் உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற செமாக்ளூடைடு ஊசியை சுகர் டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. எடை குறைகிறது, சந்தோஷம். ஆச்சரியம் என்னவென்றால், சனிக்கிழமை வந்தால் கூட்டாளிகளோடு உட்காருகிறவர் இப்போது “ஒரு பீருக்கு மேல எறங்கல, அது மேல நெனப்பே வரமாட்டேங்குது” என்கிறார். அப்பாவுக்கு 58. காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிற கூலி வேலை. 47 கிலோதான் இருப்பார். காலையில் எழுந்ததும் கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும். போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் குடிக்காமல் இருந்தார். இரண்டாம் நாள் ராத்திரி ஃபிட்ஸ் வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் திரும்ப ஆரம்பித்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரி என்றாலே எரிந்து விழுகிறார். ராத்திரியில் பாதம் எரிகிறது என்று மட்டும் புலம்புவார். யாரோ சொன்னார்கள் என்று அம்மா குடியை மறக்கடிக்கிற பொடி ஒன்றை வாங்கி வந்து, குழம்பில் கலக்கலாமா என்று யோசிக்கிறார். அதற்கு இது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது: அண்ணனுடைய ஊசிப் பேனாவிலிருந்தே அப்பாவுக்கும் சத்து ஊசி என்று சொல்லி வாரம் ஒன்று போட்டுவிடலாமா? நம்மூர் கம்பெனி ஊசிகளும் வருவதால் விலையும் கைக்கு எட்டும் போலிருக்கிறது.
— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: ஊசி போடாதீர்கள். அந்தப் பொடியையும் கலக்க வேண்டாம். காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் வரவில்லை என்றால் கூடை தூக்க வேலை இல்லை, அப்பா கையில் காசும் இருக்காது. போதாக்குறைக்கு, தேர்தல் வருகிற ஆண்டு என்றால் அது வேறு. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டாஸ்மாக் மூடியிருக்கும். தினமும் காலையிலேயே குடிக்கிற ஒருவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி கலங்கும்: இல்லாத ஆள் தெரிவார், உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று சட்டையைப் பிடுங்குவார், சம்பந்தமில்லாமல் பேசுவார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று தாயத்து கட்டிவிட்டு அப்புறம் எங்களிடம் கூட்டி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அதற்குள் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் எகிறியிருக்கும். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. ஒருமுறை இப்படி வலிப்பு வந்தவருக்கு, அடுத்த முறை திடீரென்று நிறுத்தும்போது மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது.

ஆகவே, படிப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் சொல்கிறேன்: மருத்துவர் பார்க்கும்வரை அப்பாவின் குடியை நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். காசைப் பிடுங்கி வைப்பது, அறையில் வைத்துப் பூட்டுவது, “இன்னியோட விட்டுடுறேன்னு சத்தியம் பண்ணு” என்று படத்துக்கு முன்னால் நிறுத்துவது, எதுவும் வேண்டாம். குடியை விடுவது மருந்தின் துணையோடு நடக்க வேண்டும். அந்த மருந்துகள் செமாக்ளூடைடு அல்ல.

இனி உங்கள் கேள்வி. அண்ணன் சொல்வது மனப்பிரமையா? இல்லை. அவர் சொல்வதையே உலகத்தில் பல ஊர்களில் பலர் சொல்லியிருக்கிறார்கள். எடைக்கும் சுகருக்கும் இந்த ஊசி போட்டவர்கள் “சிகரெட் ஞாபகம் வரவில்லை”, “பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனேன்” என்று தாங்களாகவே டாக்டர்களிடம் சொன்ன பிறகுதான் இந்தப் பக்கம் மருத்துவ உலகத்தின் கவனம் நன்றாகத் திரும்பியது.

நாம் சாப்பிட்டதும் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். கூடவே “போதும், இலையை எடு” என்று மூளைக்குச் சேதி போகும். அசல் ஹார்மோன் உடம்பில் சில நிமிடம்கூடத் தங்காது. அதே வேலையைப் பல மணி நேரமோ பல நாளோ செய்கிற மாதிரி உருவாக்கியவைதான் செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு எல்லாம். இந்த வகையில் முதலில் வந்த எக்ஸெனடைடு ஒரு விஷப் பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த பொருளிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் அதற்கு 2005ல் அனுமதி கிடைத்தது. இந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் மூளையில் பசியைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் மட்டுமல்ல, டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்கிற ஆசை மையங்களிலும் இருக்கின்றன. பிரியாணி வாசனைக்கு நாக்கு ஊறுவதும், கடை போர்டைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்புவதும் அந்த மையங்களின் வேலைதான். எலிகளிலும் குரங்குகளிலும் இந்த மருந்துகள் மதுவைக் குறைத்தது பல ஆய்வுக்கூடங்களில் பார்த்தாகிவிட்டது.

மனிதர்களிடம்? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. குடிப்பழக்கக் கோளாறு உள்ள 48 பேர். பாதிப் பேருக்குக் குறைந்த அளவு செமாக்ளூடைடு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி, ஒன்பது வாரம். மருந்து போட்டவர்களுக்குக் குடி நினைப்பு குறைந்தது. குடிக்கிற நாளில் உள்ளே போகிற அளவும் குறைந்தது. ஆனால் எத்தனை நாள் குடித்தார்கள் என்பதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அதாவது உங்கள் அண்ணனுக்கு நடந்திருப்பது அச்சு அசலாக இதுதான்: சனிக்கிழமை உட்காருகிறார், ஒன்றோடு எழுந்துவிடுகிறார். அந்த 48 பேரும் குடியை விட வேண்டும் என்று சிகிச்சை கேட்டு வந்தவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் கை நடுங்கிக்கொண்டு எழுகிற உங்கள் அப்பாவின் உலகம் வேறு.

ஸ்வீடனில் குடிநோய் என்று பதிவான சுமார் 2.27 லட்சம் பேரின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் செமாக்ளூடைடு எடுத்திருந்தார்கள். அதே நபர் ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், போடாத காலத்தைவிடக் குடியால் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 36 சதவீதம் குறைவாக இருந்தது. பெரிய செய்திதான். ஆனால் இது பதிவேட்டுக் கணக்கு. ஊசி போடத் தொடங்குகிற காலத்தில் ஒருவர் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருப்பார். அதையும் ஊசியையும் பதிவேட்டை வைத்து முழுக்கப் பிரிக்க முடியாது.

உங்கள் வீட்டுக்கு மிகவும் தேவையான ஆய்வு இவை இரண்டும் இல்லை, டென்மார்க்கில் நடந்து 2022ல் வெளியானது. 127 குடிநோயாளிகள், எல்லோருக்கும் மனநல ஆலோசனை. அதோடு பாதிப் பேருக்கு வாரம் ஒரு எக்ஸெனடைடு ஊசி, மற்றவர்களுக்கு வெறும் ஊசி, 26 வாரம். மொத்தமாகப் பார்த்தால் ஊசியால் பெரிய பலன் இல்லை. உடல் பருமனானவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது அவர்களுக்குக் குடி குறைந்திருந்தது. பருமன் இல்லாத, ஒல்லியான பக்கத்தில் இருந்தவர்களுக்கோ, வெறும் ஊசி போட்டவர்களைவிட அதிகமாகக் குடித்த நாட்கள் கூடியிருந்தன. பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் இதையே முடிந்த முடிவாக வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 104 கிலோ அண்ணனையும் 47 கிலோ அப்பாவையும் ஒரே பேனாவால் குணப்படுத்தலாம் என்று நினைக்கிற எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

சிகரெட்டிலும் இதே இழுபறிதான். தோலில் ஒட்டுகிற நிகோட்டின் பட்டையோடு எக்ஸெனடைடு சேர்த்துக் கொடுத்த ஒரு சிறிய ஆய்வில் கூடுதலானவர்கள் விட்டார்கள். ஸ்விட்சர்லாந்தில் 255 பேரிடம் இதே வகை ஊசியான டூலாக்ளூடைடு கொடுத்துப் பார்த்ததில் விட்டவர்கள் எண்ணிக்கை கூடவில்லை, சிகரெட்டை விட்டால் போடுகிற சதை மட்டும் குறைந்தது. மாவா, ஹான்ஸ் மாதிரி மெல்லுகிற புகையிலை பற்றி என்னைக் கேட்கிறவர்களுக்கும் இப்போதைக்கு இதே பதில். எந்தப் போதைப் பழக்கத்துக்கும் மருந்து என்று இந்த ஊசிகளுக்கு இதுவரை ஒப்புதல் கிடையாது.

இந்தத் துறைக்குப் பழைய சூடு ஒன்றும் உண்டு. ரிமோனபன்ட் என்று ஒரு எடைக்குறைப்பு மாத்திரை 2006ல் ஐரோப்பாவில் வந்தது. சிகரெட்டையும் சேர்த்து நிறுத்தும் என்று அப்போதும் இப்படித்தான் பேச்சு. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுகிறது என்று தெரிந்து 2008லேயே விற்பனையை நிறுத்தினார்கள். செமாக்ளூடைடு அதன் உறவு இல்லை, வேலை செய்கிற விதமே வேறு. ஆனால் ஆசை மையத்தில் கை வைக்கிற எந்த மருந்தையும் அவசரப்பட்டு ஊருக்கெல்லாம் கொடுக்க எங்களுக்குக் கை வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அப்பாவுக்கு ஏன் கூடாது என்பதற்கு வருவோம். அவருக்கு முதல் தேவை சோறு. 47 கிலோ ஆண், அதுவும் கூடை தூக்குகிறவர், பல வருடக் குடியில் பாதி நாள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். பாதம் எரிகிறது என்கிறார். குடியாலும் பி வைட்டமின் குறைவாலும் நரம்பு கெட்டால் அப்படித்தான் எரியும், சுகர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தயாமின் என்ற பி-1 சத்து அடிமட்டத்தில் இருக்கக்கூடும். இந்த நிலையில் பசியை அடக்கி, ஆரம்ப வாரங்களில் குமட்டலும் வாந்தியும் தருகிற ஊசியைப் போட்டால், கொஞ்சநஞ்சம் உள்ளே போகிற சோறும் போகாது. தயாமின் இன்னும் குறைந்தால் கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, குழப்பம் வந்து, ஞாபக சக்தியே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். குடிகாரன் தள்ளாடுகிறான் என்றே எல்லோரும் நினைப்பார்கள், அதுதான் இதில் கொடுமை. கணையம் இன்னொரு கவலை. கணைய வீக்கத்துக்குக் குடி பெரிய காரணம், இந்த ஊசிகளின் எச்சரிக்கைப் பட்டியலிலும் கணைய வீக்கம் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பேனா. ஒருவருக்குப் போட்ட பேனாவை இன்னொருவருக்குப் போடக் கூடாது. ஊசி முனையை மாற்றினாலும் கூடாது. பேனாவுக்குள் ரத்தத் துளி பின்னோக்கி ஏறியிருக்கலாம், மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியில் பரவ முடியும். மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறீர்கள், சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போதைக்காக வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்டு வருகிற பையன்களால் நம் பக்கத்துக் கடைகள் படுகிற பாடும் உங்களுக்குத் தெரியும்.

சத்து ஊசி என்று பொய் சொல்வதைப் பற்றி. உங்கள் தவிப்பு புரிகிறது. அதனால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். என்ன போட்டோம் என்று அவருக்கே தெரியாவிட்டால், வயிற்று வலியோடு ராத்திரி ஸ்டான்லி வார்டில் படுத்திருக்கும்போது ட்யூட்டி டாக்டரிடம் என்ன சொல்வார்? உண்மை தெரியவந்த பிறகு நீங்கள் கொடுக்கிற பாராசிட்டமாலைக்கூட வாங்க மாட்டார்.

அம்மா கையில் இருக்கும் பொடி இதைவிட மோசம். குடியை மறக்கடிக்கும் என்று இப்படி விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் இருக்காது. பல வீடுகளில் ரகசியமாகக் கலக்கப்படுவது டைசல்ஃபிராம் என்ற மாத்திரை. அது நல்ல மருந்துதான், 1940களின் இறுதியிலிருந்து இருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு சேர்ந்து முகம் சிவந்து, மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் தடாலென்று விழும். சிலருக்கு உயிரே போகும். அதனால்தான், தான் என்ன சாப்பிடுகிறோம், குடித்தால் என்ன ஆகும் என்று முழுக்கத் தெரிந்து சம்மதித்தவருக்கு மட்டும், கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகு, அதைக் கொடுக்கிறோம். வலிப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதைத் தவிர்ப்போம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் நீடிக்கும். அம்மா ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் அம்மாவைத் திட்டாதீர்கள். என்றைக்குக் கொடுத்தார், எவ்வளவு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முகம் சிவந்து மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழைத்து, பொடி கொடுத்த விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் எதுதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு ஆதங்கமே இதில்தான். புது ஊசியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. பல வருடமாகக் கையில் இருக்கிற மருந்துகளின் பெயர்கூட நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு முதல் கட்டம் ஆஸ்பத்திரியில் சில நாள் சேர்த்து, நடுக்கமும் வலிப்பும் வராமல் குளோர்டயஸெபாக்சைடு அல்லது லோரஸெபாம் வகை மாத்திரைகளை அளந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவது. கூடவே தயாமின் ஊசி. இடையில் சோர்வாக இருக்கிறார் என்று தெருமுனைக் கிளினிக்கில் “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்று போய் நிற்காதீர்கள். தயாமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், நான் மேலே சொன்ன மூளைக் கோளாறை நாமே கூப்பிட்டு வைத்தது போலாகும்.

போன வருடம் ஸ்டான்லியில் இந்த முதல் கட்டம் நடந்திருக்கும். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் திரும்ப ஆரம்பித்தார் என்றால், இரண்டாம் கட்டம் நடக்கவில்லை என்றே தோன்றுகிறது. அகாம்ப்ரோசேட் என்று ஒரு மாத்திரை உண்டு, குடியை நிறுத்திய பிறகு வருகிற தவிப்பைக் குறைக்கும். கல்லீரல் கொஞ்சம் கெட்டிருந்தாலும் கொடுக்கலாம், சிறுநீரகத்தை மட்டும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று நால்ட்ரெக்ஸோன், தினம் ஒன்று, குடித்தால் வருகிற கிறக்கத்தை மட்டுப்படுத்தும். அதற்குக் கல்லீரல் பரிசோதனை தேவை. டிரமடால், டேப்பென்டடால் போன்ற வலி மாத்திரை எடுக்கிறவருக்கு நால்ட்ரெக்ஸோன் கூடவே கூடாது. கூடை தூக்குகிறவர் ஆயிற்றே, இடுப்பு வலிக்கு என்ன போடுகிறார் என்று விசாரியுங்கள்.

இவையும் மந்திரம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் 11 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால், மருந்து இல்லாவிட்டால் திரும்பக் குடித்திருக்கக்கூடிய ஒருவர் கூடுதலாகத் தப்பிக்கிறார். குறைவாகத் தெரிகிறதா? தினமும் நாம் விழுங்குகிற எத்தனையோ மாத்திரைகளின் கணக்கு இதைவிட மோசம். இதோடு ஆலோசனையும், முடிந்தால், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமும் சேரும்போது பலன் கூடும். சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

உங்கள் கடை அலமாரிக்குச் சம்பந்தமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2014ல் எடையைக் குறைக்க என்று ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதில் இருப்பவை குடிக்குக் கொடுக்கிற நால்ட்ரெக்ஸோனும், சிகரெட்டை விடக் கொடுக்கிற புப்ரோபியானும். அதாவது போதை மருத்துவத்திலிருந்து பருமன் மருத்துவத்துக்கு முன்பே கடன் போயிருக்கிறது. இப்போது பருமன் மருந்து இந்தப் பக்கம் வருமா என்று பார்க்கிறார்கள். பசியும் போதையும் மூளையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதால் வரக்கூடும் என்றே நானும் நினைக்கிறேன். வந்தாலும், முதலில் பலன் பெறப்போகிறவர்கள் உங்கள் அண்ணன் மாதிரி எடையும் சுகரும் குடியும் சேர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அண்ணனைப் பற்றி: ஊசியைச் சுகர் டாக்டர் சொன்னபடி தொடரட்டும். குடி ஆசை குறைந்ததையும் அந்த டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அண்ணன் எடுக்கிற வேறு சுகர் மாத்திரைகளையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ கூட இருந்தால், சரியாகச் சாப்பிடாத வயிற்றில் பீர் போகும்போது சுகர் ஆபத்தாக இறங்கிவிடும். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாய்கிற வலி வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. லாரி ஓட்டுகிறவர் என்பதால் ஒன்று: இந்த ஊசி இரைப்பையை மெதுவாக்குவதால் குடித்தது ஏறுவதும் தாமதமாகலாம். “ஒண்ணும் ஏறல” என்று மணலிப் பக்கம் வண்டியை எடுத்துவிடப் போகிறார். சட்டம் ஏறியதா என்று கேட்காது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம்தான்.

நினைப்பு வராத இந்த மாதங்களை அவர் பயன்படுத்திக்கொண்டால் நல்லது. ஊசியை நிறுத்துகிறவர்களுக்குப் பசியும் எடையும் திரும்புவது நன்றாகத் தெரிந்த விஷயம். கூட்டாளிகளும் சனிக்கிழமையும் அப்படியே இருந்தால் மற்றதும் திரும்பாது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. மனசு சோர்ந்து எதிலுமே பிடிப்பில்லாமல் போகிறாரா என்றும் ஒரு கண் வைத்திருங்கள்.

இனி அப்பாவை எப்படிக் கூட்டி வருவது. குடி ஆஸ்பத்திரி என்று சொன்னால் எரிந்து விழத்தான் செய்வார். பாதம் எரிச்சலுக்கு என்று சொல்லிக் கூப்பிடுங்கள். இது பொய் இல்லை, அந்த எரிச்சலுக்கும் சிகிச்சை தேவை, அவரே வாய்விட்டுச் சொல்கிற ஒரே வேதனையும் அதுதான். காலையில் நடுக்கம் தெளிந்து, போதையும் ஏறாத நேரம் ஒன்று இருக்கும், அப்போது பேசுங்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது, காலைக் கட்டிங் எங்கிருந்து வருகிறது என்பது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை இங்கே விட்டுவிடுவோம். அம்மா பேசினால் பழைய சண்டைதான் வரும் என்றால் அண்ணனைப் பேசச் சொல்லுங்கள். “எனக்கும் கொறஞ்சிருக்குப்பா, டாக்டர்கிட்ட கேட்டுத்தான் போட்டுக்கிட்டேன், நீயும் வந்து ஒருதபா காட்டு” என்று மகன் சொல்வதற்கு இருக்கிற எடை என் வார்த்தைக்கு இருக்காது.

தடைக்காலமே இதற்கு நல்ல சமயம். படகு இல்லை, வேலை இல்லை, ஆஸ்பத்திரியில் படுத்தால் கூலி போகிறதே என்ற சாக்கு இல்லை. ஏப்ரல் 15க்கு முன்பே ஸ்டான்லி மனநலப் பிரிவில் காட்டி, சேர்வதற்கு ஒரு தேதி பேசிவிடுங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். வேனில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்த் திருத்தித் தருகிறோம் என்கிற தனியார் இல்லங்கள் பக்கம் போகாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இல்லாத இடத்தில், வலிப்பு வந்தால் பார்க்க ஒரு நர்ஸ்கூட இல்லாமல் போகலாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது: குடிப்பதற்கு முன் கொஞ்சமாவது சாப்பிட வையுங்கள், கஞ்சியோ முட்டையோ எதுவானாலும் சரி. தயாமின் மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தினமும் கொடுங்கள், அதை அப்பாவிடம் சத்து மாத்திரை என்று தாராளமாகச் சொல்லலாம், உண்மையிலேயே அது சத்து மாத்திரைதான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்டான்லிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சீட்டு வரிசை நீளம். போன வருட டிஸ்சார்ஜ் சம்மரி, அப்பா போடுகிற வலி மாத்திரை அட்டை, அம்மாவிடம் இருக்கும் பொடிப் பொட்டலம், மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.